எச்சரிக்கைகளுக்கு வாய்ப்பூட்டு

2006 செப்டம்பரில் டெபியன் லினக்ஸில், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் பொதியில் ஒரு சின்னத் திருத்தம் சேர்ந்தது. அந்த நூலகத்தை நம்பிய எந்த நிரலை வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியில் ஓட்டினாலும், 'மதிப்பு வைக்காத இடத்தைப் படிக்கிறாய்' என்ற எச்சரிக்கை பக்கம் பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. புகார் வந்தது. பராமரிப்பாளர் தேடிப் போனதில், ரேண்டம் எண் உருவாக்கும் கோப்பில் இரண்டு வரிகள் அகப்பட்டன. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரு பஃபரில் இருப்பதை எடுத்து ரேண்டம் எண்களுக்கான ஊற்றில் கலக்கும் வரி அது. ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் கேட்டும் பார்த்தார், யாரும் தடுக்கவில்லை. இரண்டையும் கமெண்ட் ஆக்கினார். எச்சரிக்கை நின்றது.

வரிகள் ஒன்றுபோல் இருந்தாலும் இருந்த இடம் வேறு. ஒன்று, ரேண்டம் எண்ணை வெளியே கொடுக்கும் ஃபங்ஷனில் இருந்தது. கேட்டவர் நீட்டிய பஃபரில் ஏற்கெனவே கிடக்கும் குப்பையையும் அது கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும், எடுத்துவிட்டால் நஷ்டமில்லை. மற்றொன்று, விதையை உள்ளே வாங்கும் ஃபங்ஷனில் இருந்தது. கணினி அங்கங்கே திரட்டிய தற்செயல் தரவு முழுவதும் அந்த ஒரு வரி வழியாகத்தான் ஊற்றுக்குள் போகும். அது போனதும் கலப்பதற்கு மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். அன்றைய லினக்ஸில் அதன் வழக்கமான உச்சம் 32,768. ஒரே வகை இயந்திரத்தில், ஒரே நீளத்தில் உருவாகக்கூடிய சாவிகள் அவ்வளவுதான் என்றால், ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தபோது இருபது மாதம் ஓடிவிட்டது. டெபியனிலும் அதன் வழி வந்த உபுண்டுவிலும் அதுவரை பிறந்த எஸ்எஸ்எச் சாவிகளையும் சான்றிதழ்களையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை 'எச்சரிக்கையின் வாயை அடைக்காதே' என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. குறிப்பிட்ட எச்சரிக்கையைக் காட்டாதே என்று எழுதிவைக்க வால்கிரைண்டிலேயே தனிக் கோப்பு வசதி உண்டு. ஓபன்எஸ்எஸ்எல்லிலும் 'ப்யூரிஃபை' என்றொரு மேக்ரோ இருந்தது. பழைய சோதனைக் கருவி ஒன்றின் பெயரால் வைத்தது. அதை ஏற்றித் தொகுத்தால் தீங்கில்லாத அந்த ஒரு வரி மட்டும் விலகிக்கொள்ளும். இந்த இரண்டில் எதைச் செய்திருந்தாலும் சாவிகள் பத்திரமாக இருந்திருக்கும். கேடு வந்தது, கருவியை அமைதிப்படுத்துவதற்காக நிரலில் கைவைத்ததால்.

வால்கிரைண்ட் நிரல் ஓடும்போது பேசுகிறது, கம்பைலர் ஓடுவதற்கு முன்பே பேசுகிறது. வேறுபாடு அவ்வளவுதான், கேள்வி ஒன்றே. பிழை என்றால் மொழியின் விதியே இடிக்கிறது, நிரல் உருவாகாது. எச்சரிக்கை என்றால் விதிப்படி சரி, ஆனால் நீ நினைத்தது இதுதானா என்று கம்பைலர் சந்தேகப்படுகிறது. 'ஆமாம், இதைத்தான் நினைத்தேன்' என்று பதில் சொல்ல வேண்டியிருந்தால் அதை எங்கே, எவ்வளவு அகலத்துக்கு, எந்தக் காரணத்தோடு, எதுவரை செல்லும்படி எழுதிவைப்பது என்பதுதான் அடக்கல் அமைப்புகளின் விஷயம். ஐம்பது ஆண்டுக் கருவிகள் இந்தக் கேள்விக்குக் கொடுத்த பதில்களைப் பார்த்தால், 'எங்கே' என்பதற்கு நல்ல பதில்கள் சீக்கிரமே வந்துவிட்டன. 'எதுவரை' என்பதற்கு இப்போதுதான் வருகின்றன.

தொடக்கத்தில் சந்தேகப்படுவது கம்பைலரின் வேலையாகவே இல்லை. பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் ஜான்சன் 1978இல் லிண்ட் என்ற தனிக் கருவியை எழுதினார். கம்பைலர் நிரலை வேகமாக மாற்றித் தரட்டும், நோண்டிப் பார்ப்பதை லிண்ட் செய்யட்டும் என்பது ஏற்பாடு. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது வெளியே போனது. கவனிக்க வேண்டியது, வாயடைக்கும் வழியும் பிறப்பிலேயே கூட வந்தது. 'நாட்ரீச்டு' என்று கமெண்டில் எழுதினால் நிரலின் ஓட்டம் இந்த இடத்துக்கு வராது என்று பொருள். 'ஆர்க்ஸ்யூஸ்டு' என்று எழுதினால், பயன்படாத ஆர்க்யுமென்ட்டைப் பற்றிப் பேசாதே என்று பொருள். மனிதர் படிப்பதற்கான கமெண்டைக் கருவியும் படிக்க ஆரம்பித்தது அங்கேதான். பிஎஸ்டி மூலநிரல்களில் அந்தச் சொற்கள் இன்றும் கிடக்கின்றன.

கமெண்டை நம்புவதில் ஒரு வில்லங்கம் உண்டு. 2017இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 7ஆம் பதிப்பு, ஸ்விட்ச் கூற்றில் ஒரு கேஸ் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்குள் வழிந்தால் எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. வேண்டுமென்றே வழியவிட்டவர்கள் பல ஆண்டுகளாக 'ஃபால் த்ரூ' என்று கமெண்ட் எழுதிப் பழகியிருந்தார்கள். ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் பிரித்து, ஒருவர் நடுவில் கோடு போட்டு. ஜிசிசி இந்த எழுத்துமுறைகளையெல்லாம் வடிவப் பொருத்தம் வைத்துப் பார்த்து, எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்குப் படிநிலைகளும் வைத்தது. இன்னொரு கம்பைலரான கிளாங், சி மொழியில் கமெண்டைப் பொருட்படுத்தவே இல்லை. லினக்ஸ் கர்னல் குழு வழியும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து 2019இல் 5.3 பதிப்பில் அந்த எச்சரிக்கையைக் கர்னல் முழுவதற்கும் திறந்தது. பிறகு கமெண்டுகளையும் கைவிட்டு, அதே பெயரில் ஒரு மேக்ரோவை வைத்துக்கொண்டது. அந்தச் சலிப்பான வேலையின் வழியில், உண்மையிலேயே பிரேக் விட்டுப்போன இடங்களும் அகப்பட்டன.

கம்பைலர் சுவிட்சுகளின் பெயர்களை நம்பி ஏமாறாதவர் குறைவு. ஜிசிசியில் டபிள்யூ-ஆல் என்று போட்டால் எல்லா எச்சரிக்கையும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. மிச்சத்தில் ஒரு பகுதிக்கு டபிள்யூ-எக்ஸ்ட்ரா என்று தனியாகப் போட வேண்டும். அதற்கு மேலும் பல எச்சரிக்கைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும். புதிய எச்சரிக்கை ஒன்றை 'ஆல்' தொகுப்பில் சேர்த்தால் அதை நம்பியிருக்கும் ஆயிரக்கணக்கான பழைய திட்டங்களில் சத்தம் கிளம்பும். அதனால் அந்தத் தொகுப்பில் சேர்க்கும்போது ஜிசிசி நிதானமாகவே நடந்துகொள்கிறது. கிளாங்கில் உண்மையிலேயே எல்லாவற்றையும் திறக்கும் டபிள்யூ-எவ்ரிதிங் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் 2011 தரத்தோடு வந்த சி++ வசதியைப் பயன்படுத்தியதற்கே, 1998 தரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று புகார் சொல்லும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் 'ஆல்', ஸ்ட்ரக்டில் இடைவெளி சேர்த்தேன், இந்த ஃபங்ஷனை இன்லைன் ஆக்கவில்லை என்று நடந்ததையெல்லாம் ஒப்பிக்கும். அங்கே விவரம் தெரிந்தவர்கள் நான்காம் நிலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பெயரில் 'எல்லாம்' இருந்தும் எல்லாம் இல்லாததற்குக் கொடுத்த விலை 2014 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. ஆப்பிளின் எஸ்எஸ்எல் நிரலில் 'கோட்டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை அடுத்தடுத்து வந்திருந்தது. முதலாவது இஃப் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடி, சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படியைத் தாண்டிக் குதித்தது. கீழே இருந்த வரிகளை நிரல் எட்டவே முடியாது. எட்டமுடியாத நிரலைப் பற்றிய எச்சரிக்கை கிளாங்கில் இருந்தது. 'ஆல்' தொகுப்பில் இல்லை. ஜிசிசியில் நிலைமை இன்னும் விசித்திரம். அதே பெயர்கொண்ட எச்சரிக்கை, பதிப்புக்குப் பதிப்பு முடிவு மாறுகிறது என்பதால் 4.5 பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது. சுவிட்சை மட்டும் பழைய பில்டுகள் உடையக்கூடாது என்று விட்டுவைத்தார்கள். போட்டால் ஏற்றுக்கொள்ளும், ஒன்றும் செய்யாது. 2016இல் ஜிசிசி 6, உள்தள்ளல் ஏமாற்றுகிறது என்று சொல்லும் புதிய எச்சரிக்கையைக் கொண்டுவந்தது. இந்த முறை 'ஆல்' தொகுப்பிலேயே சேர்த்தார்கள்.

எச்சரிக்கை அனைத்தையும் பிழையாக்கிவிடுவது ஒரு கட்சி. ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுக்க வேண்டும் என்பது, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் எழுதிய பத்து விதிகளில் பத்தாவது. விண்கலத்துக்கு அது பொருந்தும். கம்பைலர் எது, பதிப்பு எது என்பதெல்லாம் அங்கே ஒருவர் கையில் இருக்கிறது. ஊர் முழுக்கப் பகிரும் மூலநிரலுக்கு அந்த வசதி இல்லை. 2021 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னலின் எல்லாத் தொகுப்புகளுக்கும் எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் டபிள்யூ-எரர் சுவிட்சை இயல்பாக்கினார். யாரும் அதிகம் தொடாத கட்டமைப்புகளிலும் பழைய கம்பைலர்களிலும் பில்டுகள் வரிசையாக விழுந்தன. சில நாட்களிலேயே, சோதனைக்காகத் தொகுக்கும்போது மட்டும் இயல்பாக இருக்கட்டும் என்று சுருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சுருக்கம்தான் சரியான கோடு என்பது என் எண்ணம். எழுதுபவரின் சோதனைச் சேவையகத்தில் எச்சரிக்கை பிழையாக இருக்கட்டும். பதிவிறக்கித் தொகுப்பவரின் கணினியில் வேண்டாம். இன்று சுத்தமாக இருக்கும் நிரல், அடுத்த ஆண்டு வரும் கம்பைலர் புதிதாக ஒன்றைச் சந்தேகப்பட்டால் ஒரு எழுத்தும் மாறாமலே உடையும். ஜென்டூ போன்ற விநியோகங்கள் பொதிகளிலிருந்து அந்தச் சுவிட்சைப் பிடுங்கிவிடுவது இதனால்தான்.

அதே டோர்வால்ட்ஸ் ஓராண்டுக்கு முன், 2020 மே மாதத்தில், 'மதிப்பு வைக்கப்படாமல் இருக்கலாம்' என்ற எச்சரிக்கையைக் கர்னல் முழுவதற்கும் அணைத்தவர். எதிரெதிரான இரண்டு காரியமாகத் தெரியும். உண்மையில் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை. பொய்ச் சந்தேகம் அதிகம் கிளப்பும் எச்சரிக்கையை ஒரேயடியாக அணைத்தால்தான் மிச்சத்தைக் கறாராகப் பிடிக்க முடியும். 'இருக்கலாம்' வகை எச்சரிக்கைகள் நிரல் மேம்படுத்தும் கட்டத்தில் பிறக்கின்றன. மேம்பாட்டு நிலையை மாற்றினால் இன்று இருந்தது நாளை இருக்காது. அவற்றைத் திருப்திப்படுத்த மாறிக்குப் பூஜ்யம் ஏற்றி வைப்பது வழக்கமான கைவைத்தியம். பிறகொரு நாள் யாராவது அந்த மாறிக்கு உண்மையான மதிப்பை ஏற்ற மறந்தால், பூஜ்யம் இருப்பதால் கம்பைலர் வாயே திறக்காது. டெபியனில் நடந்ததன் சின்ன வடிவம் இது.

அணைப்பது என்று முடிவானால் எவ்வளவு அகலத்துக்கு? திட்டம் முழுவதற்கும், ஒரு கோப்புறைக்கு, ஒரு கோப்புக்கு, ஒரு வரிக்கு என்று நிலைகள் உண்டு. அகலமான அடக்கலில் விரும்பாததும் சேர்ந்து போகும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் 4996ஆம் எண் எச்சரிக்கையைப் பாருங்கள். 2005 பதிப்பிலிருந்து எஸ்டிஆர்காப்பி போன்ற பழைய சி ஃபங்ஷன்களைத் தொட்டாலே அது வரும். எரிச்சலில் பலர் 4996ஐத் திட்டம் முழுவதற்கும் அணைத்துவிடுவார்கள். ஆனால் 'இந்த ஃபங்ஷன் வழக்கொழிந்தது, இனிப் பயன்படுத்தாதே' என்று நூலகம் எழுதியவர்கள் குறித்துவைப்பதற்கும் அதே எண்தான். சத்தம் போட்ட ஒருவனை வெளியேற்றப் போய், சேதி கொண்டுவருபவனுக்கும் கதவைச் சாத்தியதாக ஆகிறது. பழைய சி ஃபங்ஷன்களைப் பற்றிய புகாரை மட்டும் நிறுத்த மைக்ரோசாஃப்டே தனி மேக்ரோ கொடுத்திருக்கிறது. பெயர் நீளம், ஆனால் செய்ய வேண்டியதை மட்டும் செய்கிறது.

அகலமாகவே அடக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: அடுத்தவர் எழுதிய நிரல். வெளியிலிருந்து எடுத்த நூலகத்தின் ஹெடர் கோப்பில் வரும் எச்சரிக்கையால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஜிசிசியிலும் கிளாங்கிலும் அந்தக் கோப்புறையைச் சிஸ்டம் ஹெடர் என்று சொல்லிவிட்டால் போதும். மைக்ரோசாஃப்ட், வெளி ஹெடர்களுக்குத் தனி எச்சரிக்கை நிலை வைக்கும் வசதியை விஷுவல் ஸ்டுடியோ 2019இன் பிற்காலப் பதிப்பில் நிலைப்படுத்தியது. ரஸ்ட் இதை நம் தலையில் கட்டவே இல்லை. அதன் பில்ட் கருவியான கார்கோ, சார்புப் பொதிகளைத் தொகுக்கும்போது அவற்றின் எச்சரிக்கைகளைத் தானாகவே மட்டுப்படுத்துகிறது. பொதியை எழுதியவர் எச்சரிக்கை எல்லாம் பிழை என்று அறிவித்திருந்தாலும் நம் பில்ட் உடையாது. டைப்ஸ்கிரிப்டின் ஸ்கிப்-லிப்-செக் இதன் உறவுதான், ஆனால் முரட்டுத்தனமானது. நாமே எழுதிய டைப் அறிவிப்புக் கோப்புகளையும் அது பார்க்காமல் விட்டுவிடும்.

அமைப்புக் கோப்பில் மறைந்திருக்கும் கண்ணிகளைப் பற்றி ஆவணங்கள் முணுமுணுப்பாகத்தான் சொல்கின்றன. டாட்நெட் திட்டக் கோப்பில் நோவார்ன் என்ற உறுப்பில் அடக்க வேண்டிய எண்களை எழுதுகிறோம். பொது எக்ஸ்எம்எல் கமெண்ட் இல்லை என்று புலம்பும் 1591ஐ மட்டும் எழுதிவிட்டுப் போனால், மேல் கோப்புறையின் பொது அமைப்புக் கோப்பு அதே உறுப்பில் வைத்திருந்த பட்டியல் அழிந்துவிடும். பழைய மதிப்பையும் சேர்த்துக்கொள் என்று நோவார்னின் பெயரையே டாலர் குறியோடு அடைப்புக்குள் முதலில் எழுதி, அரைப்புள்ளி வைத்து, அப்புறம் 1591 என்று எழுத வேண்டும். ஜிசிசியிலோ, அடக்கும் சுவிட்சின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். வேறு ஏதாவது எச்சரிக்கை வந்தால்தான், அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று கூடவே சொல்லும். பல கம்பைலர் பதிப்புகளுக்கு ஒரே அமைப்பு வைத்திருப்பவர்களின் வசதிக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, வரிசை. பயன்படாத மாறியைப் பற்றிப் பேசாதே என்பதை முன்னால் எழுதி 'ஆல்' என்பதைப் பின்னால் எழுதினால், ஜிசிசியில் குறிப்பானது பொதுவானதை வெல்லும், எங்கே எழுதினாலும் சரி. கிளாங்கில் பின்னால் வந்தது வெல்லும். ஒரே பில்ட் கோப்பு இரண்டு கம்பைலரில் இரண்டு மாதிரி நடந்துகொள்வதன் காரணம் பல நேரம் இதுதான்.

வரியளவில் அடக்குவதற்கு ஜாவா 2004இல் ஐந்தாம் பதிப்பில் சப்ரஸ்வார்னிங்ஸ் என்ற அனொட்டேஷனைக் கொடுத்தது. ஜோஷுவா பிளாக் தன் 'எஃபெக்டிவ் ஜாவா' நூலில் அதை இயன்றவரை குறுகிய இடத்தில் போடவும், ஏன் பாதுகாப்பானது என்று பக்கத்திலேயே எழுதவும் சொல்கிறார். இன்றுவரை அதற்கு மேல் நல்ல அறிவுரை வந்ததாகத் தெரியவில்லை. ஒரு விநோதம்: அனொட்டேஷனை இம்போர்ட் வரியில் போட மொழி அனுமதிக்காது. வழக்கொழிந்த வகுப்பை இம்போர்ட் செய்தால் வரும் எச்சரிக்கையை அதனால் அடக்கவே வழியில்லாமல் இருந்தது. கடைசியில் 2017இல் ஜாவா 9 அந்த எச்சரிக்கையையே எடுத்துவிட்டது. பதில் சொல்ல இடமில்லாத கேள்வியைக் கேட்பதில் பயனில்லை என்று மொழியே ஒப்புக்கொண்டது.

காரணத்தை எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்கு ஏரியன் 5 ராக்கெட்டைவிடப் பெரிய சான்று இல்லை. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதல் முறை கிளம்பிய அது 40 விநாடிக்குள் சிதறியது. ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்த அடா நிரலில், 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அளவு மீறியது. அது கம்பைலர் எச்சரிக்கை அல்ல, ஓடும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை. ஆனால் அதை அகற்றிய முறை நம் விஷயத்துக்கு நெருங்கிய உறவு. ஆபத்துள்ளவை என்று அடையாளம் கண்ட ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். ப்ராசஸர் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் மூன்றை விட்டார்கள். அவை அளவு மீறாது என்று கணக்கும் போட்டார்கள். அந்தக் கணக்கு ஏரியன் 4இன் பாதைக்குச் சரி. ஏரியன் 5 பக்கவாட்டில் வேகமாகப் போகும் ராக்கெட். விசாரணைக் குழு அறிக்கையில் என் கண்ணில் தைப்பது இதுதான்: அந்த முடிவுக்கான காரணம் மூலநிரலில் எங்கும் எழுதப்படவில்லை.

வாகனத் துறையில் புழங்கும் மிஸ்ரா விதிகள் இதை அலுவலக நடைமுறையாகவே ஆக்கிவிட்டன. ஒரு விதியை மீற வேண்டுமென்றால் எங்கே, ஏன், என்ன பாதிப்பு என்று விலகல் பதிவு எழுத வேண்டும். 'கட்டாயம்' என்று குறித்த விதிகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. சி ஷார்ப்பின் அடக்கல் அட்ரிப்யூட்டில் 'ஜஸ்டிஃபிகேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ தானாக எழுதித் தரும்போது அதில் 'பெண்டிங்' என்று போட்டுத் தரும். அப்படியே விட்டுப் போனவற்றைப் பெரிய திட்டம் எதிலும் தேடினால் கிடைக்கும்.

'எதுவரை' என்ற கேள்விக்கு வருகிறேன். அடக்கல் ஒன்றை எழுதும்போது அதன் கீழே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் சிக்கலைத் தீர்த்துவிடுகிறார். அடக்கல் வரி மட்டும் அங்கேயே கிடக்கிறது. பிறகு அதே வரியில் புதிதாக உண்மையான பிழை நுழைந்தால் அதையும் பழைய அடக்கல் மூடிவிடும். டைப்ஸ்கிரிப்டில் 2017 முதல் இருந்த டிஎஸ்-இக்னோர் இப்படிப்பட்டது. அடுத்த வரியில் எந்தப் பிழை இருந்தாலும், இல்லாவிட்டாலும், அதற்குக் கவலையில்லை. 2020 மே மாதம் வந்த 3.9 பதிப்பு டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர் என்பதைச் சேர்த்தது. அடுத்த வரியில் பிழை இருந்தால் பேசாமல் இருக்கும். பிழை இல்லாமல் போனால், 'நான் இங்கே தேவையில்லை' என்று தானே பிழையாகிவிடும். ரஸ்ட் இதே எண்ணத்தை 2024 செப்டம்பரில் 1.81 பதிப்பில் 'எக்ஸ்பெக்ட்' என்று நிலைப்படுத்தியது. காரணம் எழுத இடமும் அதோடு நிலைபெற்றது. பைத்தானின் டைப் சோதனைக் கருவியான மைபை பயனற்ற அடக்கல்களைக் காட்டிக்கொடுக்கும், கேட்டால் மட்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கான ஈஎஸ்லிண்டிலும் அப்படியொரு வசதி உண்டு. சி, சி++ உலகத்தில் ஜிசிசி 4.6 முதல் எச்சரிக்கை நிலையைத் தள்ளி வைத்துப் பிறகு மீட்கும் பிராக்மாக்கள் சரியாக வேலை செய்கின்றன. ஆனால் இந்த அடக்கல் இன்னும் தேவையா என்று கேட்க வழி இல்லை. எனக்கு இந்த மொழிகளில் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

பழைய திட்டத்தைக் கையில் வாங்குபவருக்கு இவ்வளவும் ஆடம்பரப் பேச்சாக இருக்கும். அங்கே எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தப் போனால் டெபியன் வகை விபத்துக்குத்தான் வழி. இருப்பதை ஒரு கோப்பில் எழுதிப் பூட்டிவிட்டு, புதிதாக வருவதை மட்டும் பிழையாக்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். பிஎச்பிஸ்டான், ஆண்ட்ராய்டு லிண்ட் இரண்டிலும் இதற்கு அடிப்படைக் கோப்பு உண்டு. ஈஎஸ்லிண்ட் 2025இல் சேர்த்துக்கொண்டது. அந்தக் கோப்பு நாளுக்கு நாள் சுருங்க வேண்டும். சுருங்காத இடத்தில் அது நிரந்தர மன்னிப்புப் பட்டியலாகிவிடும், அப்படி ஆனவை ஏராளம்.

கோ மொழி இந்தச் சச்சரவையே வேண்டாம் என்றது. அதன் கம்பைலருக்கு எச்சரிக்கை என்ற வகையே கிடையாது; கவலைப்பட வேண்டியதென்றால் பிழை, இல்லையென்றால் பேச்சில்லை. பயன்படுத்தாத உள்ளூர் மாறியும் இம்போர்ட்டும் பிழை. கேட்க அழகாக இருக்கிறது. பிழை தேடும்போது ஒரு வரியைக் கமெண்ட் ஆக்கினால் மேலே இருக்கும் மாறி பயனற்றதாகி, தொகுக்க மறுக்கும். உடனே அந்த மாறியை அடிக்கோட்டுக்கு ஏற்றிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். எச்சரிக்கை இல்லாத மொழியிலும் அடக்கல் அடிக்கோடாக முளைத்துவிட்டது. சந்தேகப்படும் வேலையைக் கோ வெட் என்ற தனிக் கருவி பார்க்கிறது, லிண்ட் காலத்து ஏற்பாடு திரும்பிவந்தது போல.

எச்சரிக்கைகளை இவ்வளவு பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்பவர்களில் எஸ்க்யூலைட் தரவுத்தளக் குழு முக்கியமானது. நிலைப் பகுப்பாய்வு தங்களுக்குப் பிழை கண்டுபிடிக்க உதவவில்லை, எச்சரிக்கையில்லாமல் தொகுப்பதற்காக மாற்றியதில் நுழைந்த பிழைகளே அதிகம் என்று தங்கள் சோதனை ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லாரும் இதை மேற்கோள் காட்டக்கூடாது. எஸ்க்யூலைட்டின் சோதனை நிரல் மூல நிரலைவிடப் பல நூறு மடங்கு பெரியது; அந்த வேலி இருப்பவர்கள் அப்படிப் பேசலாம். கூகுள் வேறு முடிவுக்கு வந்தது. தொகுக்கும்போது காட்டும் எச்சரிக்கைகளை யாரும் பார்ப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. 2018இல் வெளியிட்ட கட்டுரையில் அதை விவரித்திருக்கிறார்கள். கம்பைலரில் காட்டுவதென்றால் பிழையாகக் காட்டு, அதற்கு முன் நிரல் தொகுதி முழுவதிலும் அதைத் திருத்திவிடு. மற்றவற்றை நிரலைச் சக ஊழியர் மதிப்பிடும் நேரத்தில் காட்டு. பார்த்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல் பயனில்லை என்று சொன்னால் அந்தச் சோதனையை நிறுத்து. எச்சரிக்கையைக் கேட்பவரைவிட அதை எழுப்புபவரைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இது.

எச்சரிக்கையைப் பிழையாக்குவதில் மிகப் பெரிய பரிசோதனை சமீபத்தில்தான் நடந்தது. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை சி மொழி 1999 தரத்திலேயே நீக்கிவிட்டது. ஆனால் கம்பைலர்கள் எச்சரிக்கையோடு அனுமதித்துவந்தன. 2023இல் கிளாங் 16உம் 2024 மே மாதம் ஜிசிசி 14உம் அதைப் பிழையாக்கின. ஜிசிசி, பொருந்தாத பாயிண்டர் போன்ற சிலவற்றையும் சேர்த்துக்கொண்டது. கால் நூற்றாண்டு அவகாசம். பழைய பொதிகள் உடையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், உடைந்தன. உடைந்தது கண்ணுக்குத் தெரிவதால் திருத்திவிடலாம். தலைவலி கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளில் இருந்தது. கணினியில் ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்க அவை நாலு வரி நிரலை எழுதித் தொகுத்துப் பார்க்கும். தொகுத்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. அந்த நாலு வரியிலேயே எக்ஸிட்டை அறிவிக்காமல் அழைத்திருந்தால், இப்போது தொகுக்காது. ஸ்கிரிப்ட், வசதி இல்லை என்று குறித்துக்கொண்டு மேலே போகும். பொதி முழுதாகத் தொகுத்து முடியும், எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை, ஒரு வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். ஃபெடோரா குழுவினர் ஜிசிசியையே மாற்றியமைத்து, இத்தகைய அழைப்பு எங்கே வந்தாலும் தனியாகக் குறித்துவைக்கச் சொல்லி, பொதி பொதியாக ஓட்டித் தேடினார்கள். நேரமில்லாதவர்களுக்கு, இந்தப் பிழைகளைப் பழையபடி எச்சரிக்கையாக இறக்கும் சுவிட்ச் ஒன்றை ஜிசிசி 14 விட்டுவைத்திருக்கிறது. அதைப் போடுபவர்கள், எந்தக் கோப்புக்காகப் போட்டோம் என்று பில்ட் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அதை எடுத்துப் பார்க்கவாவது துணிவார்.